அவசர கருத்தடை மாத்திரை போட்டேன், நாள் தள்ளிப்போகிறது

கேள்வி: எனக்கு வயது 27. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தை இன்னும் இரண்டு வருடம் கழித்து என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். வழக்கமாக ஆணுறைதான் பயன்படுத்துவோம். போன மாதவிடாய் தொடங்கிய 11-ஆம் நாள் ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் மாலை லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன். ஐந்து மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தேன். அடுத்த இரண்டு நாளும் தலைவலி, தலைசுற்றல், மார்பில் ஒரு கனம். மாத்திரை போட்டு மூன்று நாள் கழித்து, அதுதான் போட்டாயிற்றே என்ற நம்பிக்கையில் ஒருமுறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தோம். ஒரு வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது, மூன்று நாள் இருந்து நின்றுவிட்டது. அதுதான் பீரியட்ஸ், மாத்திரை வேலை செய்துவிட்டது என்றார் கணவர். ஆனால் எப்போதும் 30 நாளில் வருகிற மாதவிடாய் இந்த முறை ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. ஐந்து மாதத்தில் இது மூன்றாவது மாத்திரை. அடிக்கடி போட்டால் கருப்பை கெட்டுப்போய்ப் பிறகு குழந்தையே தங்காது என்று அக்கா சொல்கிறார். இரவில் தூக்கம் வரவில்லை. தைராய்டு குறைவுக்கும் மாத்திரை எடுத்து வருகிறேன். இன்னொரு மாத்திரை போட்டால் மாதவிடாய் வந்துவிடுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இன்னொரு மாத்திரை போட வேண்டாம். அதற்குப் பதிலாக, நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். வீட்டிலேயே செய்து பார்க்கிற அட்டை போதும். நீங்கள் சொன்ன நாட்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்து மூன்று வாரம் முடிந்துவிட்டது. கர்ப்பம் இருந்தால் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் தெரிகிற அளவுக்கு வந்திருக்கும். இப்போது கிடைக்கும் பதிலை நம்பலாம். இல்லை என்று வந்து, அதற்கு மேலும் ஒரு வாரம் மாதவிடாய் வரவில்லை என்றால், மறுபடி சோதித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த மாத்திரை மாதவிடாயை வரவழைக்கிற மாத்திரை இல்லை. கர்ப்பம் தரித்திருந்தால் அதனால் எந்தப் பயனும் கிடையாது. கர்ப்பம் இல்லையென்றால், ஏற்கெனவே குழம்பியிருக்கும் நாட்கள் இன்னும் குழம்பும், அவ்வளவுதான். மாதவிடாயைத் தள்ளிப்போடவும் வரவழைக்கவும் கொடுக்கிற வேறு ஹார்மோன் மாத்திரைகளையும், பரிசோதனை செய்து பார்க்காமல் யார் சொன்னாலும் வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. வாந்தி, தலைவலி, கருப்பை கெட்டுவிடுமோ என்ற பயம் என்று எதற்கெல்லாம் நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்களோ, அவற்றில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, மூன்று நாள் கழித்து நம்பிக்கையோடு சேர்ந்தது, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பல பெண்கள் மாத்திரை போட்டும் கர்ப்பமாகிறார்கள்.

சினைப்பையில் முதிர்ந்த கருமுட்டை வெளியே வர வேண்டுமென்றால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாகச் சுரக்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் அந்தத் திடீர் உயர்வைத் தடுக்கிறது, அல்லது தள்ளிப்போடுகிறது. கருமுட்டை குறித்த நேரத்தில் வராது. உடலுக்குள் காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் வலுவிழந்து அழிந்துவிடும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், வெளிவந்த கருமுட்டையோ ஒரு நாளைத் தாண்டாது. இந்த இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மாத்திரையின் வேலை. எல்.எச். உயரத் தொடங்கிவிட்டால் மாத்திரையால் பெரிய பலன் இல்லை. கருத்தரித்து கருப்பையில் பதிந்துவிட்ட கருவை இந்த மாத்திரை கலைக்காது.

30 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 16-ஆம் நாள். நீங்கள் மாத்திரை போட்டது 12-ஆம் நாள். ஆணுறை கிழிந்ததற்கு அது நல்ல நேரத்தில் போட்ட மாத்திரைதான், பெரும்பாலும் வேலை செய்திருக்கும். ஆனால் தள்ளிப்போன கருமுட்டை எங்கும் போய்விடவில்லை. சில நாள் தாமதமாக அது வெளியே வரலாம். 15-ஆம் நாள் சேர்ந்தபோது உள்ளே வந்த விந்தணுக்களுக்கு அது கிடைக்க வாய்ப்பு உண்டு. மாத்திரை ஏற்கெனவே நடந்த உறவுக்குத்தான் பாதுகாப்பு. அதற்குப் பிறகு வருகிற நாட்களுக்கு எந்தக் காவலும் இல்லை. சொல்லப்போனால் அந்த நாட்களில்தான் ஆபத்து கூடுதல். மாத்திரை போட்ட பெண்கள் அடுத்த மாதவிடாய் வரும்வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்த வேண்டும், அல்லது தவிர்க்க வேண்டும். மாத்திரையைக் கையில் கொடுப்பவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ பேருடைய கவலை மிச்சமாகும்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. கருமுட்டை தாமதமாக வந்தால் மாதவிடாயும் தாமதமாகத்தான் வரும். ஆகவே நாள் தள்ளிப்போனதை வைத்தே கர்ப்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாத்திரைக்குப் பிறகு சிலருக்கு மாதவிடாய் சில நாள் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் போகும். ஒரு வாரத்துக்குள் முன்பின்னாக இருந்தால் அது மாத்திரையின் விளைவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் பரிசோதனை அவசியம். நீங்கள் இப்போது சரியாக அந்த எல்லையில் இருக்கிறீர்கள்.

ஒரு வாரத்தில் பட்ட ரத்தம் பீரியட்ஸ் இல்லை. மாத்திரையிலிருந்து ஹார்மோன் ஒரேயடியாக உடலில் ஏறி, சில நாளில் இறங்கிவிடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் கருப்பையின் உட்சுவரிலிருந்து கொஞ்சம் கசிவது சகஜம். இரண்டு மூன்று நாள் இருக்கும், பழுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ படும், தானாக நின்றுவிடும். இந்தக் கசிவு மாத்திரை வெற்றி பெற்றதற்குச் சாட்சி இல்லை. அதே மாதிரி, கசிவே வராதவர்களுக்கு மாத்திரை தோற்றுவிட்டது என்றும் பொருள் இல்லை. உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்தக் கசிவை மாதவிடாய் என்று எண்ணிக்கொண்டு வாரக்கணக்கில் பரிசோதனை செய்யாமல் இருந்துவிட்டு, கர்ப்பம் நன்றாக முற்றிய பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவரும் இதைப் படிக்கட்டும்.

வாந்தி விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு மாத்திரை போட வேண்டும். சில நாடுகளில் பாதுகாப்புக்காக 3 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்தது ஐந்து மணி நேரம் கழித்து. அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னொன்று தேவைப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998-இல் வெளியான பெரிய ஆய்வில், லெவோநார்ஜெஸ்ட்ரெல் எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குமட்டலும், 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு வாந்தியும் இருந்தன. அதற்கு முன்பு வழக்கத்தில் இருந்த, ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கலந்த முறையில் பாதிப் பேருக்குக் குமட்டல் இருந்தது. அடிவயிற்று வலி, களைப்பு, தலைவலி, தலைசுற்றல், மார்பு கனப்பது எல்லாம் ஓரிரு நாளில் அடங்கிவிடுகிற விளைவுகள். தலைவலிக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் பாராசிட்டமால் போடலாம். உணவுக்குப் பிறகு அவசர மாத்திரையைப் போட்டால் குமட்டல் நிச்சயம் குறையும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒருமுறை வாந்தி எடுத்த அனுபவம் இருந்தால், வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் அக்கா சொன்னது. அவர் அக்கறையில் சொல்கிறார், ஆனால் அது உண்மை இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் புதிதாக வந்த மருந்து இல்லை. தினசரி கருத்தடை மாத்திரைகளில் பல வருடங்களாக இருக்கிற அதே ஹார்மோன்தான். பரவலாக உள்ள ஒருவகை தினசரி மாத்திரையில் ஒரு நாளைக்கு 0.15 மில்லிகிராம் இருக்கும். அவசர மாத்திரையில் 1.5 மில்லிகிராம், அதாவது பத்து நாள் அளவு ஒரே நேரத்தில். அதனால்தான் அந்த இரண்டு மூன்று நாள் உடம்பு சங்கடப்படுகிறது. சில நாட்களில் மருந்து உடலைவிட்டுப் போய்விடும். கருப்பையையோ சினைப்பையையோ அது நிரந்தரமாகக் கெடுப்பதில்லை, பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனும் குறைவதில்லை. மூன்று முறை போட்டாலும் அதுவே உண்மை. இதில் ஈஸ்ட்ரோஜென் இல்லாததால், ஈஸ்ட்ரோஜென் கலந்த தினசரி மாத்திரை எடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண்கள்கூட, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், இதை எடுக்கலாம்.

அப்படியென்றால் மாதாமாதம் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். உடம்பு கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பயன்படுத்தும் எந்தக் கருத்தடை முறையோடு ஒப்பிட்டாலும் இது பலம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் தவறும் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது, முறை கூடக்கூட அந்த வாய்ப்பும் சேர்ந்துகொண்டே போகும். மாதவிடாய் முன்பின்னாக ஓடி, எது எதனால் என்றே தெரியாமல் போகும். இப்போது நீங்கள் அனுபவிக்கும் இந்தப் பதைப்பையே திரும்பத் திரும்ப அனுபவிக்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் உங்களுக்கு.

தைராய்டு மாத்திரையால் அவசர மாத்திரையின் பலம் குறையாது, கவலை வேண்டாம். ஆனால் தைராய்டு அளவு சரியில்லாமல் இருந்தாலும் மாதவிடாய் தள்ளிப்போகும். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று பாருங்கள். வேறு சில மருந்துகள்தான் இந்த மாத்திரையைப் பலவீனப்படுத்துகின்றன: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபெனோபார்பிட்டோன், எச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள எஃபாவிரென்ஸ், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மருந்து. ஈரல் இவற்றால் தூண்டப்பட்டு ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். இவற்றை எடுப்பவர்களுக்கும், நிறுத்தி நான்கு வாரம் ஆகாதவர்களுக்கும் காப்பர்-டிதான் நல்ல வழி. அது முடியாவிட்டால் இரட்டை அளவு மாத்திரை தருவார்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் லெவோநார்ஜெஸ்ட்ரெலின் பலம் குறையக்கூடும். எடையைக் காரணம் காட்டி மாத்திரையே போடாமல் இருந்துவிடக் கூடாது. வேறு வழி இருக்கிறதா என்று உடனே கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வேறு வழிகள் இரண்டு. யூலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மில்லிகிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. உறவுக்குப் பிறகு 5 நாள் வரை, அதாவது 120 மணி நேரம் வரை போடலாம். எல்.எச். உயரத் தொடங்கிய பிறகும், உச்சத்தை எட்டாதவரை, கருமுட்டையைத் தள்ளிப்போடும். லெவோநார்ஜெஸ்ட்ரெலோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டும் ஒன்றை ஒன்று முறிக்கும். இன்னொன்று காப்பர்-டி. 5 நாளுக்குள் கருப்பையில் பொருத்திவிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் பலன். உள்ள வழிகளில் இதுவே மிகப் பலமானது. அப்படியே விட்டுவிட்டால் வகையைப் பொறுத்து 10 வருடம் வரைகூட வேலை செய்யும், எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துவிட்டுக் குழந்தை பெறலாம். குழந்தை பெறாத பெண்ணுக்குப் பொருத்தக் கூடாது என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, தாராளமாகப் பொருத்தலாம்.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்றால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முன்னால் சொன்ன அதே ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் எதிர்பார்த்த கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. இரண்டாம் நாளில் அது 85 ஆனது, மூன்றாம் நாளில் 58. காலையில் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுவதில் நஷ்டம் இருக்கிறது. இந்த விஷயத்தில் நீங்கள் தாமதிக்கவில்லை, சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

சரி, பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தால்? பதறாதீர்கள். போட்ட மாத்திரையால் கருவுக்குக் குறை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் காரணத்துக்காக யாரும் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, கணவரோடு பேசி, அவசரப்படாமல் எடுங்கள். தொடர நினைத்தால் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள், தைராய்டு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது முக்கியம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கருக்கலைப்புக்குத் தருகிற மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் முற்றிலும் வேறு மருந்துகள். அவசர மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம் என்று தெரியாமல் அவற்றைத் தானாக வாங்கிப் போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. எப்போதாவது கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிடும். அவசர மாத்திரை அதை உண்டாக்குவதில்லை, ஆனால் மாத்திரை போட்டும் கர்ப்பமான ஒவ்வொருவரிடமும் இந்தச் சந்தேகத்தை நாங்கள் மனதில் வைத்தே பார்ப்போம். அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் வருவதுபோல் இருப்பது, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, கூடவே ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை போட்ட விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து ரத்தம் போனாலும் அப்படியே.

கர்ப்பம் இல்லை என்று வந்தாலும், இந்த ஐந்து மாதத்தைப் போல் இனியும் ஓட்ட வேண்டாம். மூன்று முறையுமே ஆணுறை கிழிந்துதான் என்றால், பயன்படுத்தும் விதத்தில் ஏதோ இருக்கிறது. எண்ணெயோ, பாடி லோஷனோ, வாசலினோ பட்டால் லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களில் பலமிழக்கும். தண்ணீரால் ஆன, அல்லது சிலிக்கானால் ஆன வழுக்குப் பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். காலாவதித் தேதி, நுனியில் காற்று தங்காமல் பிடித்து அணிவது, உறையைப் பல்லாலும் நகத்தாலும் கிழிக்காமல் இருப்பது, பர்ஸிலும் வெயிலிலும் நாட்கணக்கில் வைக்காமல் இருப்பது, இவற்றையெல்லாம் உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். பால்வினைத் தொற்றுகளிலிருந்து காப்பது ஆணுறை மட்டும்தான். அவசர மாத்திரைக்கு அந்தத் திறன் சிறிதும் இல்லை.

இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பவர்களுக்குத் தினசரி மாத்திரை, மூன்று மாத ஊசி, கையின் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், காப்பர்-டி என்று வழிகள் இருக்கின்றன. ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பப் பல மாதம் ஆகலாம், அதனால் உங்களுக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன். தினசரி மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால், பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று உறுதியானதும் தொடங்கலாம், முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்து, தலைவலியின் தன்மையைக் கேட்டு, எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை இருவருமாகக் கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது கடைசி மாதவிடாய்த் தேதி, மூன்று மாத்திரைகளும் போட்ட தேதிகள், தைராய்டு மாத்திரையின் அளவு, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இருந்தால் ஸ்கேன் தேவையா, ரத்தப் பரிசோதனை போதுமா என்று அவரால் உடனே முடிவெடுக்க முடியும்.